ஏழு மொழி ஆசித் தாம்பாளம்: உளி வேலை பிரமாதம், வாசகம்தான் கோளாறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளி வேலைக்கு ஐந்துக்கு நாலரை, வாசகத்துக்கு ஒன்றரை. இரண்டையும் கூட்டி வகுத்து ஒரே மார்க்காகப் போட எனக்கு மனசில்லை, ஏனென்றால் செய்தவர்கள் வேறு வேறு ஆள், ஒருத்தர் செய்த கோளாறுக்கு இன்னொருத்தர் மார்க்கில் கை வைப்பது நியாயமில்லை. கடை காரைக்குடியில்தான். பெயர் போடப்போவதில்லை, தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டாலும் சொல்வதாக இல்லை, நாளைக்கு நானே ஒரு குத்துவிளக்கு வாங்க அங்கேதான் போக வேண்டும். பழைய பாத்திரக் கடை, மூன்று தலைமுறையாகப் பேர் வெட்டித் தருகிறார்கள். இப்போது புதிதாக வாசலில் ஒரு போர்டு: "எந்த மொழியிலும் வாழ்த்து வெட்டித் தரப்படும்."

அந்தப் போர்டில்தான் விழுந்தேன்.

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, தாத்தாவை ஐயா என்போம்) போன வருஷம் சாந்தி. 1965இல் பிறந்தவர், விசுவாவசு வருஷம். அறுபது வருஷச் சக்கரம் ஒரு சுற்று முடிந்து 2025இல் அதே விசுவாவசு திரும்பி வந்தது, அறுபதாம் கல்யாணத்துக்குக் கணக்கே அதுதானே. வீட்டுக்கு வருகிற கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். ஐயாவோட அப்பச்சி பர்மாவில், மோல்மேனில் கடை வைத்திருந்தவர், யுத்தத்தில் கிளம்பி வந்த கதை இன்னும் எங்கள் வளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன ஐயா குடும்பம் கொழும்பிலிருந்து திரும்பியது. ஆச்சியை (எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்) கோலாலம்பூரில் கொடுத்திருக்கிறது. சித்தப்பா மகன் சிங்கப்பூரில் சீனப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். தம்பி பெண்டாட்டி தேவகோட்டைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பச்சியோடு இருபத்தைந்து வருஷமாகக் கூட்டுத் தொழில் பார்ப்பவர் இளையான்குடி பாய். சரி, இத்தனை பேரும் அவரவர் மொழியில் வாழ்த்துகிற மாதிரி ஒரு வெண்கலத் தாம்பாளம் செய்து, நடுவில் தமிழும் சுற்றி ஆறு மொழியுமாக வெட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. பதினெட்டு அங்குலத் தாம்பாளம், நல்ல கனம், தட்டினால் கோயில் மணி மாதிரி நாதம் நிற்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இங்கேயே முதல் வேடிக்கை. "வா" என்பது ஒரு எழுத்தா, இரண்டா? கடைக்காரர் காலைத் தனியாக எண்ணினார். நான் விடவில்லை. உயிர்மெய் ஒரே எழுத்து, நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள் என்றேன். "தம்பி, உளிக்கு இலக்கணம் தெரியாது, அது கோட்டைத்தான் எண்ணும்" என்றார். பதில் எனக்குப் பிடித்துப்போனதால் ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கணக்கு அவருக்கே சீனத்தில் திரும்பி வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

வெட்டுகிறவர் பெரியவர், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு பலகை, அதன் மேல் மணல் மூட்டை, மூட்டை மேல் தாம்பாளம். இப்போது எல்லாரும் மெஷினில் வெட்டுகிறார்கள், இவர் இன்னும் சின்ன உளியும் சுத்தியும்தான். தாளில் அச்சடித்துக் கொடுப்பதை மேலே ஒட்டிக்கொண்டு டிக் டிக் என்று நகர்வார், அவருக்கு அந்த மொழி தெரிய வேண்டியதில்லை. தெரியாத மொழியைத்தான் நன்றாக வெட்டுவேன் என்று அவரே சொன்னார். தெரிந்த மொழியென்றால் கை முந்திக்கொள்ளும், தெரியாதது என்றால் கண் கோட்டை விட்டு நகராது என்பது அவர் கணக்கு.

பிரச்சினை அந்தத் தாள்தான். அதைத் தயார் செய்வது முன்பக்கம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற பையன். நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு தமிழ் வரி: "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க." அவன் அதைப் போனில் போட்டு ஆறு மொழிக்கும் தட்டி எடுத்துக்கொண்டான். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. பதினாறு பேறு என்பது நமக்குத் தெரியும். அபிராமி பட்டர் பதிகத்தில் கல்வி, வயது, நட்பு என்று வரிசையாக வந்துவிடும். போனுக்கு என்ன தெரியும், அது "பெற்று" என்பதைப் பார்த்ததும் பிரசவத்துக்குக் கிளம்பிவிடும். அறுபது வயதுத் தம்பதியைப் பதினாறு பிள்ளை பெறச் சொல்லி ஆறு மொழியில் வாழ்த்தினால் சபையில் என்ன ஆகும்? அந்த வரியை அப்படியே மாற்றாதே, ஒவ்வொரு மொழியிலும் அவர்கள் என்ன சொல்வார்களோ அதைப் போடு என்றேன். "ஓகேண்ணே" என்றான். இரண்டு நாள் கழித்து புரூஃப் தாள் வந்தது.

தமிழிலேயே தப்பு. ஏதோ பழைய எழுத்துருவில் ஒட்டியிருக்கிறான், "பெற்று"வில் கொம்பு பகரத்தை விட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அது என் கண்ணில் பட்டுவிட்டது, திருத்தியாயிற்று. அரபுதான் பெரிய கூத்து. தாளைப் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில எழுத்து இருக்கு, வார்த்தை இல்லை" என்றார். அரபு எழுத்து வலமிருந்து இடம் போகும், ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்ளும், கோக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி உருவம் மாறும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த டிசைன் மென்பொருளுக்கு அது தெரியவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் பிய்த்துத் தலைகீழ் வரிசையில் அடுக்கியிருக்கிறது. பாய் அங்கேயே உட்கார்ந்து கல்யாண துஆவைக் கையால் எழுதிக் கொடுத்தார்: "பாரகல்லாஹு லக்குமா." அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக. அந்த "லக்குமா"வைத் தனியாக விளக்கினார். ஒருத்தருக்கு என்றால் "லக்க", கூட்டத்துக்கு என்றால் "லக்கும்", சரியாக இரண்டு பேருக்கு என்றால்தான் "லக்குமா". சமஸ்கிருதம் மாதிரி அரபியிலும் இருமை உண்டு. வாழ்த்தப்படுகிறவர்கள் ஜோடி என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. இதை நான் "அட" என்று கேட்டுக்கொண்டு, அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது. அங்கேயே சுதாரித்திருந்தால் லத்தீனில் மாட்டியிருக்க மாட்டேன்.

மலாயை ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு எழுத்தே இல்லை, சிரிக்கிற முகமாக ஒரு வரிசை வந்தது. பையன் போட்டிருந்தது "செலாமாட் பெங்காந்தின் பாரு." கல்யாணத்தில் சொல்கிறதுதான், ஆனால் "பாரு" என்றால் புது. புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணுக்குச் சொல்லும் வாழ்த்து. "அப்பச்சிக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஆத்தாவுக்குத்தான் கோபம் வரும்" என்றாள். கடைசியில் "செமோகா பாஞ்சாங் ஊமூர்" என்று போட்டோம், ஆயுசு நீளட்டும் என்று அர்த்தம். "செமோகா" என்பது "ஆகட்டும்" என்கிற ஆசையைச் சொல்கிற சொல், அது முன்னால் வந்தால் வாழ்த்துத்தான் என்று தெரிந்துவிடும்.

சிங்களத்துக்கு "ஆயுபோவன்." ஆயுள் பெருகட்டும் என்கிற வாழ்த்தையே அவர்கள் வணக்கமாக வைத்துக்கொண்டார்கள், எதிரே வருகிறவரை எல்லாம் தீர்க்காயுசாக இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சே தொடங்குகிறது. பர்மியத்துக்கு "மிங்கலாபா", அதில் இருப்பது பாலி மொழி வழியாகப் போன நம்ம "மங்கலம்"தான். ஐயா இதைப் பார்த்ததும் தன் அப்பச்சி கடிதம் வாங்கிய காலத்துக்குப் போய்விட்டார், திரும்பி வர அரை மணி ஆயிற்று. இந்த இரண்டிலும் பையன் தப்பு செய்யவில்லை. ஒற்றைச் சொல், தப்பு செய்ய இடமும் இல்லை.

சீனம் சித்தப்பா மகன் அனுப்பியது. "பாய் நியென் ஹாவ் ஹெ", நூறு ஆண்டு நல்ல இணைப்பு, நாலே எழுத்து. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இது எழுத்தா கோலமா, மூன்று மடங்கு கூலி ஆகும் என்றார். நான் அவருடைய உளிக் கணக்கையே எடுத்து நீட்டினேன், கோட்டை எண்ணுங்கள் என்றேன். பெரியவர் விரலை வைத்து எண்ணினார். முதல் எழுத்தில் ஆறு கோடு. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஆறு. நாலாவதிலும் ஆறு. "என்னடா இது, அளந்து வச்ச மாதிரி" என்று அவரே சிரித்துவிட்டார். ஆறு அவர்களுக்கு ராசியான எண் என்று சித்தப்பா மகன் அப்புறம் சொன்னான். அதைவிட எனக்குச் சுவையாக இருந்தது, அவர்களுக்கும் நம்மைப் போலவே அறுபது வருஷச் சக்கரம் இருப்பது. ஜப்பானிலும் அறுபது முடிந்தால் கன்ரெகி என்று கொண்டாடுகிறார்கள், சுற்று முடிந்து மறுபடி குழந்தையாகிறார் என்று சிவப்புக் குல்லாயும் மேல்சட்டையும் போட்டுவிடுவார்களாம். அப்பச்சிக்குச் சிவப்புக் குல்லாய் என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம்.

இப்போது லத்தீன். இதை யாரிடமும் காட்டவில்லை. அதுதான் என் பக்கத்துத் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தம்பி பெண்டாட்டிக்கு லத்தீன் தெரியாது, அவள் கோயிலில் எல்லாம் தமிழ்தான். பையன் போட்டிருந்தது "தேயுஸ் தே பெனெதீகாத்." கேட்க கம்பீரமாக இருந்தது, வெட்டச் சொல்லிவிட்டேன். தாம்பாளம் வீட்டுக்கு வந்தது, பட்டாலையில் வைத்து எல்லாரும் பார்த்தார்கள், வெயிலில் எழுத்து மின்னியது. விசேஷத்துக்கு ஆறு நாள் இருந்தது.

அப்போதுதான் தம்பி பெண்டாட்டியின் பெரியப்பா வந்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பாதிரியார், எண்பத்தைந்து தாண்டியவர். பூசை முழுக்க லத்தீனில் நடந்த காலத்தில் குருமடத்தில் படித்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இலிருந்து 1965 வரை நடந்தது, அதற்குப் பிறகுதான் அந்தந்த மொழிக்கு மாறியது. எனவே இவர் லத்தீனைப் புத்தகமாகவும் படித்தவர், வாயாலும் சொன்னவர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். லத்தீன் வந்ததும் நிறுத்தினார்.

"இது மாப்பிள்ளைக்கு மட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. "தே" என்றால் "உன்னை" என்றார், ஒருத்தரை. கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக. இரண்டு பேர் என்றால் "வோஸ்" வர வேண்டும். ஆத்தா அடுக்களையிலிருந்தே, "அப்ப எனக்குக் கிடையாதா?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்த விமர்சனத்தையே எழுத வைத்தது. தமிழில் "வாழ்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒருத்தரோ ஊரே திரண்டதோ, ஆணோ பெண்ணோ, எதிரே நிற்பவரோ எங்கோ இருப்பவரோ, எல்லாருக்கும் அதே "வாழ்க." வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. அவனும் வாழ்க, நீயும் வாழ்க, அவர்களும் வாழ்க. லத்தீனில் அப்படி முடியாது. அவன் வாழ்க என்றால் "விவாத்", நீ வாழ்க என்றால் "விவாஸ்", நீங்கள் வாழ்க என்றால் "விவாதிஸ்", அவர்கள் வாழ்க என்றால் "விவாந்த்." ஆள் மாறினால் வால் மாறும். வாழ்த்துகிற வாயில் முதலில் யாரை, எத்தனை பேரை என்று கணக்கு இருக்க வேண்டும். நம்மிடம் அந்தக் கணக்கே கேட்காததால்தான் நாம் ஏமாந்துபோகிறோம், தமிழ் வரியைக் கொடுத்து மாற்றச் சொன்னால் அதில் எண்ணிக்கை இருக்காது, போன் தன் இஷ்டத்துக்கு ஒருமையைப் போட்டுவிடும்.

இன்னொன்றும் காட்டினார். "பெனெதீச்சித்" என்றால் ஆசீர்வதிக்கிறார், வெறும் செய்தி. "பெனெதீகாத்" என்றால் ஆசீர்வதிப்பாராக. நடுவில் ஓர் உயிரெழுத்து மாறினால் செய்தி ஆசியாகிவிடுகிறது. நாம் வாழ்கிறார், வாழ்க என்று பிரிப்பது போலத்தான். அந்தச் சொல்லையே பிரித்தால் "பெனே" நன்றாக, "தீச்செரே" சொல்லுதல். ஆசி என்பதே அங்கே நல்ல வாக்குச் சொல்வதுதான். பூசை முடிவில் குருவானவர் சிலுவை வரைந்து சொல்வதும் "பெனெதீகாத் வோஸ்", கூட்டத்துக்கு என்பதால் "வோஸ்." போப் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கொடுக்கிற ஆசிக்குப் பெயர் "ஊர்பி எத் ஓர்பி", நகருக்கும் உலகுக்கும். "ஊர்பி"யில் நம்ம ஊர் இருக்கிறதே என்று நான் குதித்தேன். தற்செயல் தம்பி, அதை வைத்து யூடியூப்பில் ஒன்றும் போட்டுவிடாதே என்றார்.

பேச்சு நடுவில் ஐயா தும்மினார். அப்பத்தா "நூறு" என்றது, வழக்கம்போல. பாதிரியார் அதையும் விடவில்லை. ரோமானியர் தும்மினால் "சல்வே", நலமாயிரு என்பார்களாம், இது ஏன் என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்கிற ரோமானிய எழுத்தாளர் கேட்டு எழுதியே வைத்திருக்கிறார். போலந்துக்காரர்கள் பிறந்தநாளுக்குப் பாடுவது "ஸ்தோ லாத்", நூறு வருஷம். யூதர்கள் நூறோடு நிறுத்துவதில்லை, நூற்றிருபது வரை என்பார்கள், மோசே வாழ்ந்த வயது. அப்பத்தா இதைக் கேட்டுவிட்டு, "நூத்தியிருவது வரைக்கும் யாரு பாத்துக்கிறது?" என்றது.

சரி, வெட்டியாயிற்று, இனி என்ன செய்வது? "தே"யை "வோஸ்" ஆக்க இடம் போதாது, இரண்டு எழுத்து இருந்த இடத்தில் மூன்று. பெரியப்பாவே வழி சொன்னார். வினையே இல்லாத வாழ்த்து ஒன்று இருக்கிறது, யாருக்கு, எத்தனை பேருக்கு என்ற கேள்வியே வராது: "ஆத் முல்தோஸ் அன்னோஸ்." பல ஆண்டுகளுக்கு. பழைய முறையில் புது ஆயரை அபிஷேகம் செய்யும்போது, அவர் அபிஷேகம் செய்து வைத்தவர் முன்னால் மூன்று தடவை முழங்காலிட்டு, ஒவ்வொரு தடவையும் சுருதியை ஏற்றிப் பாடுவது இதுதான். பெரியப்பா எங்கள் பட்டாலையில் உட்கார்ந்தபடியே மூன்று தடவையும் பாடிக் காட்டினார், மூன்றாவது ஏற்றத்தில் குரல் பிசிறியது. "உங்க பெரியாழ்வார் பாடினதுதான் இது, பல்லாண்டு பல்லாண்டு" என்றார். கிரேக்கத்திலும் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் "க்ரோனியா போலா" என்பார்களாம், அதுவும் பல்லாண்டுதான்.

கடைக்குப் போனேன். இங்கே கடைக்காரரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், கெட்டதும் சொல்ல வேண்டும். முதலில் சண்டைக்கு வந்தார். "நீங்கதான புரூஃப் பாத்து ஓகே சொன்னீங்க?" சொன்னேன்தான். ஆனால் எந்த மொழியிலும் வெட்டித் தரப்படும் என்று போர்டு வைக்கிறவர், எந்த மொழியிலும் சரிபார்க்க ஆள் இல்லை என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டாமா? கம்ப்யூட்டர் பையன் தலையைத் தூக்கவே இல்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சம்பளமும் தட்டச்சுக்குத்தான். யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன விசேஷம் என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தால் லத்தீனும் மலாயும் அங்கேயே நின்றிருக்கும். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். பார்ப்பார் என்று தோன்றவில்லை, போர்டு நேற்றும் அப்படியேதான் இருந்தது.

சண்டையை முடித்து வைத்தது வெட்டுகிற பெரியவர். தாம்பாளத்தை வாங்கிச் சாய்த்து விளிம்பைப் பார்த்தார். தகடாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இது வார்ப்பு, கனம் இருக்கிறது, ஒரு மயிரிழை எடுக்கலாம் என்றார். அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்தார், அந்த ஒரு வில் அளவுக்கு மட்டும். அப்புறம் உப்புத்தாள், அப்புறம் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரில் ஒரு மணி நேரம். பழைய எழுத்து போய்விட்டது. அதன் மேல் "ஆத் முல்தோஸ் அன்னோஸ்." அவர் கை இந்த வயதிலும் நடுங்கவில்லை. மொத்தம் பதின்மூன்று எழுத்து, பழையதைவிட இரண்டு குறைவு. அதற்கும் கடைக்காரர் ஒன்றும் கழிக்கவில்லை.

உற்றுப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் பள்ளம். பகலில் தெரியாது. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் லத்தீன் இருக்கிற இடத்தில் மட்டும் ஒளி வழுக்கி உள்ளே இறங்குவது தெரியும். விசேஷத்தன்று அந்தத் தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் அட்சதையும் வைத்துச் சபையில் சுற்றினோம். குங்குமம் எல்லாம் உருண்டு போய் அந்தப் பள்ளத்தில்தான் சேர்ந்தது. திரும்பி வந்தபோது லத்தீன் மட்டும் சிவப்பாக இருந்தது. யாரோ ஒருத்தர், இது தனியாக வர்ணம் கொடுத்ததா, ரொம்ப நல்லா இருக்கே, எங்கே செய்தது என்று கேட்டார்.

இரண்டாம் தடவை வெட்டியதற்குக் கூலி வாங்கவில்லை. தேய்த்ததற்கு இருநூற்றைம்பது வாங்கிவிட்டார்கள், அதில் பெரியவர் கைக்கு எவ்வளவு போனது என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டார்.